ஆண்டறிக்கை 2024–25: முண்டக்கண்ணி கணக்கெடுப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழுவும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவ்வாண்டின் பெரிய வேலை நம் ஏரியில் எடுத்த மீன் கணக்கெடுப்பு. அதன் முதல் ஆறு மாதப் பதிவுகளை நீக்கிவிட்டோம். நீர்மட்டத்தில் திரிந்த சிறுமீனை எல்லாம் நம் நாட்டுச் சிறுமீனான முண்டக்கண்ணி என்றே எழுதியிருந்தோம். படங்களை மறுபடி பார்த்தபோது வெளிநாட்டுச் சிறுமீன்களான கப்பியும் கம்பூசியாவும் கலந்திருந்தன.

மேலிருந்து பார்த்தால் முண்டக்கண்ணியின் உச்சந்தலையில் வெள்ளிப்புள்ளி மின்னும். மேகமூட்டத்திலும் கலங்கிய நீரிலும் அது தெரியாது. ஆகவே மீனை ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். முண்டக்கண்ணியின் முதுகுத்துடுப்பு வாலை நெருங்கிப் பின்தள்ளி இருக்கும். வயிற்றடியில் குதத்துடுப்பு நீளமாக ஓடும். மற்ற இரண்டிலும் குதத்துடுப்பு குட்டை. ஆணில் அதுவே குச்சிபோல் நீண்டிருக்கும். சினைப்பட்ட பெண்ணுக்குக் குதத்தருகே கருந்திட்டு. தவறு பெரும்பாலும் குஞ்சுகளில்தான் வருகிறது. 2 செ.மீ.க்குக் குறைந்தவற்றை 'இனம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்த பெயரைவிட அது மேல்.

வலைக்கண் 2 மி.மீ. இருக்கட்டும். கரையோரம் ஓரிடத்துக்கு 20 வீச்சு, எல்லா இடத்திலும் அதே எண்ணிக்கை. கூட்டிக் குறைத்தால் ஒப்பிட முடியாது. நம் நிழல் நீரில் விழாத பக்கமாக நிற்க வேண்டும், விழுந்தால் மீன் சிதறிவிடும். தொட்டி நீரை அந்த இடத்திலேயே மொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் மீனை விட்டுவிடுங்கள். அடுத்த ஏரிக்குப் போகுமுன் வலையை வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரவலையில் ஒட்டிய நத்தையும் குஞ்சும் நம்மோடே பயணம் செய்யும்.

கம்பூசியா கொசுவை ஒழிக்க 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக்குஞ்சையும் அது தின்னும், துடுப்பையும் கடிக்கும். கொசுப்புழுவை நம் முண்டக்கண்ணியும் தின்கிறது. டெங்கு காலத்தில் வாளியில் கொண்டுவந்து கம்பூசியாவை ஏரியில் விடுவதை நிறுத்துமாறு குடியிருப்போரிடம் மன்றாடிக் கேட்கிறோம். ஏரி நிரம்பி வழியும் மழையில் ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் வழியே அது கீழ் ஏரிகளுக்கும் இறங்கும், திரும்பப் பிடித்துத் தீராது.

முண்டக்கண்ணி முட்டையை நீர்ச்செடியில் ஒட்டவைக்கும். பொரியச் சுமார் இரண்டு வாரம் ஆகும். எனவே ஆகாயத்தாமரை அகற்றும் நாளில் கரையோரச் செடியை ஒட்ட மழிக்காமல், இடையிடையே திட்டுத்திட்டாக விடும்படி ஏரிப் பராமரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

செயலாளர்