நோயாளிகளின் படங்களைக் கேட்காதீர்கள்: எங்கள் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஆயர் அவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் நிற்கும் ‘குளோபல் மெர்சி’ மருத்துவமனைக் கப்பலில் செவிலியராக ஊழியம் செய்யும் என் தங்கையைப் பற்றி ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் விசாரிக்கிறீர்கள். நலமாக இருக்கிறாள். போன புதிதில் வந்த காய்ச்சல் மலேரியாவாக இருக்குமோ என்று பயந்தோம்; இல்லை என்று தெரிந்துவிட்டது. அங்கேயும் அன்றாட உணவு சோறுதான் என்று கேட்டதும் அம்மாவின் கவலை பாதி தீர்ந்தது. மரவள்ளி இலையை அரைத்துப் பனை எண்ணெயில் சமைக்கும் குழம்பை இப்போது விரும்பியே சாப்பிடுகிறாளாம். பயணச் செலவுக்கு நீங்கள் கொடுத்த காணிக்கையையும், லிங்கராஜபுரம் வீட்டுக் கூட்டங்களில் ஏறெடுத்த ஜெபங்களையும் குடும்பமாக நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் மிஷனெரி ஞாயிறன்று திரையில் காட்டுவதற்காக, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த நோயாளிகளின் படங்களை அவளிடமிருந்து வாங்கித் தரும்படி கமிட்டி எங்களைக் கேட்டிருக்கிறது. வாங்கித் தர மாட்டோம். ஏன் என்பதைக் கமிட்டிக்கு மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளாமல், காணிக்கை கொடுத்த எல்லோரும் அறியும்படி எழுதுகிறேன்.

தீக்காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய முக்கிய வேலை. திறந்த அடுப்பிலும் கொதிக்கும் நீரிலும் வெந்த பிள்ளைகள் தக்க சிகிச்சை கிடைக்காமல் வளரும்போது, ஆறிய தோல் இறுகிச் சுருங்கிவிடுகிறது. முழங்கை மடங்கியபடியே நின்றுவிடும்; தாடை மார்போடு ஒட்டிக்கொள்ளும். இறுகிய தோலை அறுத்து விடுவித்து, உடலின் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். அறுவை ஒரே நாளில் முடிந்துவிடும். கட்டு மாற்றுவதும், அந்த மூட்டை வலிக்க வலிக்க அசைத்துப் பழக்குவதும் வாரக்கணக்கில் நீளும். அந்த வாரங்களில்தான் என் தங்கை அவர்களோடு இருக்கிறாள். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் கிரியோவிலும் தெம்னேவிலும் மெந்தேவிலும் பேசித் தர, இவள் ஒவ்வொரு சுற்றுத் துணியாக நனைத்துப் பிரிக்கிறாள். இதைவிடக் கடினமானது, தொலைவிலிருந்து நம்பி வந்தவரிடம் அவருடைய நோய்க்கு இந்தக் கப்பலில் சிகிச்சை இல்லை என்று சொல்வது. அப்படிச் சொல்ல வேண்டிவந்த நாட்களில் அவள் எங்களோடு அதிகம் பேசுவதில்லை.

அந்த நோயாளிகளில் பலர், பல ஆண்டுகள் முகத்தைத் துணியால் மூடி, பகலில் வெளியே வராமல் வாழ்ந்தவர்கள். அவர்கள் மறைத்த முகத்தைப் பெங்களூரில், அவர்கள் பெயர்கூடத் தெரியாத நம் முன்னால், ஆளுயரத் திரையில் காட்டலாமா? பௌரிங் மருத்துவமனையின் பொது வார்டில் கிடக்கும் நம் தாயை ஒருவர் படமெடுத்துப் போய், வேறு நாட்டுச் சபையில் காட்டிக் காணிக்கை எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நமக்கு இது நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான நம் மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் உலகமெங்கும் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. ஆங்கிலேயரின் படை முகாமாக இருந்த இந்தப் பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் வழிவந்த நாம், இன்னொரு மக்களின் துயரத்தை அதே கண்ணால் பார்க்கக் கூடாது.

படம் இருந்தால்தான் காணிக்கை சேரும் என்று கமிட்டியில் ஒரு மூத்தவர் சொன்னார். மரியாதையோடு மறுக்கிறேன். 1903-இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அப்படிப்பட்ட ஊழியத்துக்கென்றுதான் எங்கள் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவந்தார். எந்த நோயாளியின் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் போடவில்லை.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தைக் கமிட்டியார் ஒருமுறை வாசிக்க வேண்டும். செவிடும் திக்குவாயுமான மனிதனை ஜனங்கள் கொண்டுவந்தபோது, ஆண்டவர் அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போய்த்தான் சுகமாக்கினார். பிறகு, இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கட்டளையிட்டார்.

எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்றும் சிலர் கேட்கிறீர்கள். அந்த நாட்டில் பெரும்பாலோர் இஸ்லாமியர். மதம் பார்த்துச் சிகிச்சை தருவதில்லை. ஜெபிக்கும்படி கேட்பவர்களோடு அவள் ஜெபிக்கிறாள். அதை எண்ணி எழுதுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

மிஷனெரி ஞாயிறன்று அவள் கைப்பட எழுதிய கடிதத்தை நான் வாசிக்கிறேன். துறைமுகத்தின் படங்களையும், கப்பலின் படங்களையும், அவளோடு உழைக்கும் செவிலியர்கள் சம்மதித்துத் தந்த தங்கள் படங்களையும் கொடுக்கிறேன். பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரும் வாலிபரும் அவளுக்கு நேரடியாக எழுதுங்கள்; உங்கள் வீட்டுச் செய்திகளையும் எழுதுங்கள், அவற்றுக்காகத்தான் அவள் ஏங்குகிறாள். இனி எந்த ஊழியரிடமும் நோயாளிகளின் படங்களைக் கேட்பதில்லை என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதும்படி எங்கள் குடும்பம் வேண்டிக்கொள்கிறது. கூட்டத்துக்கு அழைத்தால் நானே வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
சபை அங்கத்தினரான ஒரு சகோதரி,
லிங்கராஜபுரம், பெங்களூரு