மின்னாத முள்ளைச் சுரண்டாதீர்கள்: காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பழம்பொருள் கடை நடத்தும் அண்ணன் தம்பிமாருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு கடையில், பழைய அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். முள்ளில் காவி நிறத்தில் காய்ந்துபோயிருந்த பூச்சைப் பேனாக்கத்தியால் சுரண்டினான். உதிர்ந்த தூளை வாயால் ஊதித் தள்ளினான். "நிறுத்துப்பா" என்றேன். "இது செத்த ரேடியம்ங்க, மின்னவே மாட்டேங்குது" என்றான். பல வருடமாக இயற்பியல் நடத்துகிறவன் நான். அந்தப் பையன் சொன்ன வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

செத்தது ரேடியம் இல்லை, படிகம்.

அந்தப் பூச்சில் இம்மியளவு ரேடியமும் துத்தநாக சல்பைடு என்ற படிகத்தூளும் கலந்திருக்கும். ரேடியம் தானாகச் சிதைந்துகொண்டே, ஆல்ஃபா என்ற நுண்துகள்களை விடாமல் உமிழும். அவை மோத மோதப் படிகம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விடும். 1903-இல் வில்லியம் க்ரூக்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இருட்டில் லென்ஸ் வைத்து இந்தப் பொட்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தார். கதிரைக் கண்டுபிடிக்கப் படிகத்தை நம்பிய ஆரம்ப நாட்கள் அவை. ஆனால் அடிபட்டு அடிபட்டுச் சில பத்தாண்டுகளில் படிகம் ஓய்ந்துவிடுகிறது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தில், 70 ஆண்டு போன பிறகும் நூற்றுக்கு 97 பங்கு அப்படியே இருக்கிறது.

வண்டியில் ஒட்டுகிற பட்டையையும் நாம் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் துளி ரேடியம் கிடையாது, விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் நிஜ ரேடியத்தின் மேலிருந்த பயமும் போய்விட்டது.

கண்ணாடி மூடி அலமாரியில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஆபத்து தூளில்தான். மூச்சிலோ வாயிலோ போனால், சுண்ணாம்புச் சத்தைப் போலவே ரேடியமும் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு வண்ணம் தீட்டிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடையெலும்பு அரித்துப்போனது, உயிரும் போனது.

மின்னாத கடிகாரத்தில் எது ரேடியம், எது சாதாரணப் பூச்சு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கும் ஒரு படிகம் கைகொடுக்கும். தாலியம் கலந்த சோடியம் அயோடைடு என்று பெயர், 1948-இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டது. ஆல்ஃபா கண்ணாடியைத் தாண்டாது. ரேடியம் சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல் தனிமங்கள் விடும், எக்ஸ்-ரே போல ஊடுருவும் காமாக் கதிர் தாண்டும். ஆகவே கடிகாரத்தைத் திறக்கவே வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். கதிர் பட்டதும் படிகம் மெல்லிய நீலமாக மினுக்கும், பின்னாலிருக்கும் குழாய் அதை மின்துடிப்பாக்கும். எவ்வளவு மினுக்கியது என்பதை வைத்து எந்தத் தனிமம் என்றே சொல்லலாம். கதிரின் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்போம். ரேடியத்தின் வழிவந்த பிஸ்மத் 609-இல் தெரியும். வளவு வீட்டுக் கல்தூணிலிருக்கும் பொட்டாசியம் 1460-இல் தெரியும். இரண்டும் குழம்பாது.

சங்கமாகச் சேர்ந்து இப்படி ஒரு கருவி வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். பேணுவதற்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது உங்களுக்குத் தெரியும். இந்தப் படிகமும் ஒரு வகை உப்புதான். அலுமினியக் கூட்டுக்குள் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். கீறல் விழுந்து ஈரம் ஏறினால் மஞ்சளாகிப் பயனற்றுப் போகும். ஏசி அறையிலிருந்து சட்டென்று சித்திரை வெயிலுக்குக் கொண்டுபோனால் விரிசல் விடும்.

அதுவரை பூச்சு உதிர்கிற கடிகாரத்தை ஊத வேண்டாம், பிரிக்க வேண்டாம். கனமான பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டித் தனியாக வையுங்கள், கையை நன்றாகக் கழுவுங்கள். காயலான் கடைக்கும் தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் இந்தப் படிகம் ஒன்று இருக்கிறது. கட்டிய பையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால், காசு வாங்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பையனையும் அழைத்து வாருங்கள்.