கோத்தகிரி மலைப்பாதை இறக்கத்தில் கோடைக்கால விபத்துகளைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோத்தகிரி வட்டார வாடகை வாகன ஓட்டுநர்கள் மற்றும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: கோடை சீசனில் கோத்தகிரி – மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் சூடேறி நடக்கும் விபத்துகளையும் உடற்காயங்களையும் தடுக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விழா நாட்களில் போக்குவரத்து ஒருவழியாக மாற்றப்படும்போது வாகனங்கள் பர்லியார், குன்னூர் வழியாக மேலே ஏறுகின்றன; இறங்குபவை எல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படுகின்றன. நெரிசலைக் குறைக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களின் இறக்கம் முழுவதும் இந்த ஒரே சாலையில் வந்து சேர்கிறது. ஏறும்போது தவறு செய்தால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது செய்யும் தவறுதான் உயிரை எடுக்கிறது.

இப்படி நடக்கும் விபத்துகளை ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். பிரேக் திடீரென்று கெட்டுப்போவது அபூர்வம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது பிறக்கும் சூடு, 65 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். குறைந்த கியரில் இறங்கி, இதில் பெரும்பகுதியை எஞ்சினைத் தாங்கவைக்க வேண்டும். வண்டி 4ஆவது கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் ஏறக்குறைய அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் போய் விழுகிறது.

அதற்குப் பிறகு கேடு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையும் டிரம்மையும் உரசி நிறுத்தும் பேடும் லைனரும் கருகிப் பிடிமானத்தை இழப்பது. பெடல் கல்லைப் போலக் கடினமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. மற்றது பிரேக் ஆயில் கொதிப்பது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகிறது. மிதிக்கும் விசையில் குமிழ்தான் நசுங்குமே தவிர, பேடுக்கு அழுத்தம் போகாது. பெடல் தரையைத் தொட்டுவிடும். அரை மணி நேரம் கழித்து ஆறியதும் அதே பெடல் பழையபடி எழும்பி நிற்கும். அதனால்தான் மறுநாள் வண்டியைச் சோதித்தால் ‘பிரேக் சரியாக உள்ளது’ என்று வருகிறது, பழி முழுவதும் ஓட்டுநர் மேல் விழுகிறது. விபத்து விசாரணையில் பிரேக் ஆயிலின் ஈர அளவையும், பேடின் நிறமாற்றத்தையும், வண்டி எந்த கியரில் இருந்தது என்பதையும் பதிவு செய்யும்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறோம். காரணம் சரியாக எழுதப்பட்டால்தான் அடுத்த விபத்தைத் தடுக்க வழி தெரியும்.

முதலாவதும் எளிதானதுமான எங்கள் கோரிக்கை இ-பாஸ் பற்றியது. 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின் மூலம், மலையேறும் முன்பே வெளியூர் வண்டிகளின் விவரம் நிர்வாகத்தின் கைக்கு வந்துவிடுகிறது. வண்டியின் வகையைப் பார்த்து, இறக்கத்துக்கான குறிப்பைப் பாஸோடு சேர்த்துத் தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அனுப்பலாம். ‘கவனமாக ஓட்டவும்’ என்பதால் பயனில்லை. எல்லோரும் கவனமாகத்தான் ஓட்டுகிறோம் என்றே நினைக்கிறார்கள். சொல்ல வேண்டியது இதுதான்: ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், அதாவது பெரும்பாலும் 2ஆவது, செங்குத்தான இடங்களில் 1ஆவது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் மிதியை எளிதாக்கும் துணைவிசை தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். ஆட்டோமேட்டிக் கார்களில் ‘டி’யிலேயே விட்டுவிடாமல் ‘எல்’ (குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். மின்சார வாகனங்களுக்குத் தனிக் குறிப்பு தேவை. மலை உச்சியில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் திறன் குறைந்துவிடும். மேலே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் குடும்பத்தோடு வருபவர்களை நினைத்துத்தான் எங்களுக்கு அதிகக் கவலை. அதன் கிளட்ச், எஞ்சின் சுற்று குறைந்தால் தானே விடுபட்டுவிடும். மெதுவாக இறங்கும்போது எஞ்சினின் பிடி சிறிதும் இருக்காது, முழுச் சுமையும் இரண்டு சின்ன பிரேக்குகளின் மேல்தான். இவர்கள் 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் நின்றாக வேண்டும். நிற்க இடம் இல்லாததால்தான் நிற்காமல் போகிறார்கள்.

ஆகவே இரண்டாவது கோரிக்கை: நிறுத்தி ஆறவைக்கும் இடங்கள். குஞ்சப்பனையில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கும், அதற்கு மேலே நெடுஞ்சாலைத் துறை பொறியாளர்கள் தேர்ந்தெடுக்கும் இன்னும் இரண்டு அகலமான இடங்களிலும், மே மாதம் முழுவதும் வேன்களும் சுற்றுலாப் பேருந்துகளும் 15 நிமிடம் கட்டாயமாக நிற்கும்படி செய்ய வேண்டும். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டிரம் அல்லது டிஸ்க்கின் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியிருந்தால், அது 100க்குக் கீழே வரும்வரை வண்டியை விடக்கூடாது என்பது எங்கள் யோசனை. கருகிய வாடை வந்தாலே போதும், கருவிகூட வேண்டாம். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றுவதைக் காவலர்கள் தடுக்க வேண்டும், டிரம்மில் விரிசல் விழும். காற்று பிரேக் உள்ள பேருந்துகளில் அழுத்தமானியையும், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இந்த இடங்களில் மரத்தாலான சக்கரத் தடுப்புக் கட்டைகளும் வைக்கப்பட வேண்டும். இப்போது எல்லோரும் ரோட்டோரக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது கல் நடுரோட்டிலேயே கிடக்கிறது. பின்னால் வரும் இருசக்கர வாகனம் இருட்டில் அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பர்லியார் ஏற்றத்திலும் இதே நிலைதான். அங்கே கூடுதலாக, எஞ்சின் கொதித்து நின்றதும் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்து முகமும் கையும் வெந்துபோகிறவர்கள் உண்டு. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கும். ‘அரை மணி நேரம் மூடியைத் தொடாதே’ என்ற பலகை ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டும்.

மூன்றாவது, பிரேக் போய்விட்ட வண்டிக்கு ஒரு கடைசி வழி. மலைப்பக்கம் இடம் இருக்கும் வளைவுகளுக்கு முன்னால், மேல்நோக்கிய சரிவில் உருண்டைக் கூழாங்கல் நிரப்பிய அவசர நிறுத்தத் தடம் அமைக்க வேண்டும். உடைத்த ஜல்லி போடக்கூடாது. அது இறுகிப்போய் வண்டியைப் புதையவிடாது. தடம் அமைக்க முடியாத இடங்களில், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் உரசி நிறுத்தும்படி அம்புக்குறிப் பலகையாவது வைக்கலாம்.

கோடை மழையின் முதல் கால் மணி நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பல வாரங்களாகத் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து, சாலை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சிந்திய டீசலின் மேல் மணல் தூவ, சீசனில் ஒரு சாலைப் பணியாளர் குழு தயாராக இருக்க வேண்டும்.

ஓட்டுநரின் தூக்கமும் பிரேக்கைப் போலத்தான் தேய்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ இரவெல்லாம் ஓட்டி வருபவருக்குப் பல விடுதிகளில் படுக்க இடம் தருவதில்லை. குளிரில் சீட்டிலேயே சுருண்டு கிடந்துவிட்டு, மாலையில் அவர்தான் இறக்கத்தில் வண்டி எடுக்கிறார். தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையைத்தான் சொல்கிறது. வாகன நிறுத்தம் வைத்திருக்கும் ஒவ்வொரு விடுதியும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று ஆணையிட வேண்டுகிறோம். இந்த மனுவில் நாங்கள் மிகவும் வலியுறுத்திக் கேட்பது இதைத்தான்.

விபத்து நடந்துவிட்டால், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதும், அது வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும் என்பதும், உதவுபவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்பு தருகிறது என்பதும் சாலையோரப் பலகைகளில் இருக்க வேண்டும். ஒரு 108 ஆம்புலன்ஸையும் ஒரு மீட்பு கிரேனையும் சீசன் முடியும்வரை குஞ்சப்பனையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

இவற்றில் பலகையும் இ-பாஸ் குறிப்பும் நிறுத்தங்களும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடியக்கூடியவை. வளைவுவாரியாக இடங்களைக் காட்டவும், நிறுத்தங்களில் முறைவைத்து நின்று வண்டிகளைச் சோதிக்கவும் எங்களில் உள்ள மெக்கானிக்குகள் சம்பளமின்றி வரத் தயாராக இருக்கிறோம். காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்றையும் சேர்த்து ஒரு நாள் கூட்டுக் கள ஆய்வுக்குத் தாங்கள் தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: கோத்தகிரி

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டார வாடகை வாகன ஓட்டுநர்கள் மற்றும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்

நகல்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நீலகிரி
வட்டாரப் போக்குவரத்து அலுவலர், உதகமண்டலம்
கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை