மாஸ்ட்ரிக்ட் தேவாலயத்தைப் புத்தகக் கடையாக ஆக்கியவர்களுக்கும் காத்தவர்களுக்கும்

மெர்க்ஸ் - ஜிரோ கட்டடக்கலைக் குழுவினருக்கும், இரும்பு வேலை பார்த்தவர்களுக்கும், 2014-ல் கடையைக் காக்கக் காசு போட்ட நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தாருக்கும் வணக்கம்.

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் டொமினிக்கானன் புத்தகக் கடைக்குக் கூட்டிப்போவோம். உள்ளே காலெடுத்து வைத்ததுமே எல்லோரும் அண்ணாந்துவிடுகிறார்கள். அப்படிப் பார்க்க இடம் விட்டு வைத்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

1294-ல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கோயில். பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபின் அங்கிருந்த டொமினிக்கன் சபைத் துறவிகள் வெளியேறினார்கள். அதன்பிறகு இருநூறு ஆண்டுகளாக யார் யாரோ புழங்கினார்கள். குதிரை லாயம், கிடங்கு, கச்சேரி மண்டபம், கடைசியில் சைக்கிள் நிறுத்துமிடம்!

கடைக்குத் தேவைப்பட்டது சுமார் 1,200 சதுர மீட்டர். இருந்த தரையோ 750 தான். கணக்குப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் குறுக்கே ஒரு தளம் போட்டு உயரத்தை இரண்டாக வெட்டியிருப்பார். நீங்கள் கறுப்பு இரும்பில் மாடி மாடியாக அலமாரி எழுப்பி, அதையும் ஒரு பக்கமாகவே ஒதுக்கி நிறுத்தினீர்கள். அலமாரிக்குள்ளேயே படியேறிப் போய்ப் புத்தகம் எடுக்கலாம். எதிர்ப்பக்கம் தூண்கள் அடி முதல் முகடு வரை மறைப்பில்லாமல் தெரிகின்றன. பழைய கல்லைத் தொந்தரவு செய்யாமல் இரும்பு தன் காலிலேயே நிற்கிறது. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். கழிப்பறை, சரக்கறை, இயந்திரங்கள் எல்லாம் தரைக்குக் கீழே. 2007-ல் உள் வடிவமைப்புக்கு விருது கிடைத்தபோது அந்த நிலவறையைத் தோண்டியவர்களை யாராவது நினைத்தார்களோ என்னவோ, அவர்களுக்கு என் தனி வணக்கம்.

மேல்மாடியில் நின்றால் 17-ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியங்கள் கிட்டத்தில் வந்துவிடுகின்றன. முழங்கால் வலிக்கார என் அம்மாவும் அதைப் பார்த்தார். லிப்ட் வைத்த புண்ணியவான்களுக்கு அவர் சார்பிலும் நன்றி. சுவரில் கிறிஸ்தவ இறையியல் அறிஞரான புனித தோமா அக்குவினாவைக் காட்டும் 1337-ஆம் ஆண்டு ஓவியம் மங்கிப்போய்த்தான் இருக்கிறது. அதைப் புதுச்சாயம் பூசிப் பளபளப்பாக்காமல் விட்டதும் நல்லதே.

ஒன்றே ஒன்று எனக்கு ஒட்டவில்லை: பலிபீடப் பக்கத்துக் காப்பிக்கடையில் இருக்கும் சிலுவை வடிவ மேசை. இது தேவாலயம் என்பதைக் கட்டடமே சொல்கிறதே, மேசையும் சொல்ல வேண்டுமா? (அங்கே காப்பி குடிக்காமல் நான் வந்ததும் இல்லை, அது வேறு கதை.)

2014-ல் கடையை நடத்திய நிறுவனம் திவாலானபோது, இவ்வளவு அழகையும் பூட்டிவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தோம். ஊழியர்கள் விடவில்லை. பொதுமக்களிடம் கையேந்தினார்கள், சில நாட்களிலேயே சுமார் 1 லட்சம் யூரோ சேர்ந்தது. புத்தகம் வாங்குகிறவர்களே குறைந்துவரும் காலத்தில் புத்தகக் கடைக்குப் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும், அந்தப் பணத்தைக் கொண்டு கடையை எந்தப் பெரிய நிறுவனத்தையும் சாராமல் நடத்திக் காட்டும் விற்பனையாளர்களுக்கும் எங்கள் வீட்டார் எல்லோருடைய நன்றி.

இப்படிக்கு,
மாஸ்ட்ரிக்ட் வாழ் தமிழ் வாசகன் ஒருவன்