மலைக்கிராமத்தில் மழலையர் பள்ளி வரையும் கட்டடக் கலைஞர்களுக்கு

வணக்கம்.

மலைச்சரிவுகளில் புதிதாக எழும் மழலையர் பள்ளிகளின் படங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காட்சிதான் கண்ணில் படுகிறது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்கு அப்பால் பனி மூடிய சிகரம், நடுவில் முதுகு காட்டி நிற்கும் ஒரு குழந்தை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிகரத்தை அந்த ஊர்க் குழந்தை பிறந்ததிலிருந்தே பார்க்கிறது. வெளியூரிலிருந்து வந்த உங்களுக்குத்தான் அது புதிது. சிகரம் எங்கேயும் போய்விடாது. முதலில் வெயிலையும் வாசலையும் கவனியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மலையில் சூரியன் உதிக்கும் நேரம் வேறு, ஊருக்கு வெயில் வந்து சேரும் நேரம் வேறு. எதிரே ஒரு மலை மறைத்தால், குளிர்காலத்தில் முற்பகலில் பாதி போன பிறகுதான் முற்றத்தில் வெயில் விழும். சின்னக் குழந்தைகள் பள்ளியில் இருப்பதோ பெரும்பாலும் காலையில். லடாக்கின் ஷே கிராமத்தில் உள்ள ட்ரூக் ஒயிட் லோட்டஸ் பள்ளி இதைச் சரியாகப் பிடித்தது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பள்ளியை வடிவமைத்தது அரப் (Arup) என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனம். 2001இல் அங்கே முதலில் திறந்ததே மழலையர் பிரிவுதான். வகுப்பறைகளை நேர் தெற்காக வைக்காமல் கிழக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பினார்கள். காலை வெயில் சீக்கிரம் உள்ளே வர அதுவே போதுமானதாக இருந்தது. நிலநடுக்கத்தை நினைத்து, கூரையின் பாரத்தைக் கல்சுவர்மேல் ஏற்றாமல் தனி மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். அவ்வளவு யோசித்துக் கட்டிய பள்ளிக்குள்ளும் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பின்போது சேறு புகுந்தது. அதனால் மனையைத் தேர்வு செய்யும்போது மேலே இருக்கும் ஓடைகளையும் ஏறிப் பாருங்கள். வறண்டு கிடக்கும் ஓடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெரிய கண்ணாடிக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தை நின்றால் கண் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், தரையில் உட்கார்ந்தால் அதில் பாதிதான். வழக்கமான 90 சென்டிமீட்டர் ஜன்னல் திண்டு வைத்தால் அதற்கு வானம் மட்டுமே தெரியும். சரி, முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டால்? குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையில் பரவும். குழந்தைகள் விளையாடுவது அந்தத் தரையில்தான். வெளியே பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்க, ஆசிரியை திரையை இழுத்துவிடுவார். நீங்கள் வாங்கித் தந்த காட்சி அப்புறம் திரைக்குப் பின்னால்தான். இதற்குப் பதிலாகத் தாழ்வான, அகலமான திண்டுள்ள சில ஜன்னல்கள் போதும். குழந்தை அதிலேயே ஏறி உட்காரும்.

இனி வாசல். வரைபடத்தில் மிச்சம் விழும் இடத்தைத்தான் பலர் இதற்கு ஒதுக்குகிறார்கள். நகரத்துப் பள்ளியில் அது பரவாயில்லை. மலையில் ஒவ்வொரு குழந்தையும் ஈரச் சட்டை, கையுறை, சேறு படிந்த பூட்ஸ் என்று வந்து நிற்கும். அதைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதுமே அந்த வயதில் ஒரு பாடம், அவசரப்படுத்த முடியாது. உட்காரத் தாழ்ந்த பலகை, கைக்கெட்டும் கொக்கி, ஈரத்தை உலர்த்தக் கீழிருந்து சூடு, நீர் வடியும் தரை, பக்கத்திலேயே கழிப்பறை. குளிர்காற்று நேராக வகுப்புக்குள் போகாமலிருக்க இரண்டு கதவு. இந்த அறை வகுப்பறையில் பாதியளவு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சரிந்த கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் பக்கத்தில் மட்டும் வாசலை வைக்காதீர்கள்.

கூரை என்றதும் டோக்கியோ அருகே டச்சிகாவாவில் டெசுகா தம்பதியர் வடிவமைத்து 2007இல் முடிந்த ஃபுஜி மழலையர் பள்ளி பலருக்கு நினைவு வரும். நீள்வட்டக் கூரைமேல் குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். எனக்கும் மிகப் பிடித்த கட்டடம். ஆனால் அது சமதளத்தில் இருக்கும் ஊர். சரிவில் அதைப் போல ஒன்றை வைக்க வேண்டுமென்றால், முதலில் மலையை வெட்டிச் சமமாக்க வேண்டும், பிறகு வெட்டிய இடத்தைத் தாங்க உயரமான தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். சரிவின் போக்கிலேயே அறைகளைப் படிப்படியாக இறக்கினால் மண் வேலை குறையும், ஒவ்வொரு அறைக்கும் வெளியே தன் மட்டத்திலேயே ஒரு முற்றம் கிடைக்கும். படிகளை மட்டும் குழந்தைக் காலுக்கு ஏற்பத் தாழ்வாக வையுங்கள், கைப்பிடியை இரண்டு உயரத்தில் போடுங்கள்.

கட்டுமானப் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மலைப்பகுதியில் உள்ளூர் மரத்தில் எத்தனையோ மழலையர் பள்ளிகளைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நல்ல தச்சர்கள் இருப்பதும் ஒரு காரணம். உங்கள் ஊரில் கல் கட்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள் என்றால் கல்லில் கட்டுங்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி மலைப்பாதையில் எப்போது வந்து சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்த முறை ஊர் மன்றத்தில் திட்டத்தைக் காட்டும்போது, வண்ணப் படங்களோடு இரண்டு தாள்கள் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில், காலை ஒன்பது மணிக்கு மனையில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒன்றில் காட்டுங்கள். இன்னொன்றில் வாசல் அறை, கொக்கிகளின் உயரத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் வரைபடங்களை ஆர்வமாகப் பார்க்கும் ஒருவர்