அட்டையப் பாத்து வாங்கற ஆளுகளாமுங்க நாங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல வந்த புத்தகக் கட்டுரைய நீங்களும் படிச்சுத்தான் அச்சுக்கு உட்டுருப்பீங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, நடுவால ஒரு வரி. "சின்ன ஊர் வாசகர்கள் அட்டையைப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்கிறார்கள்"னு. எத்தன ஊர்ல எத்தன பேர்த்தக் கேட்டு எழுதுனாருன்னு ஒண்ணும் போடல. குடிச்சிட்டிருந்த காப்பிய அப்படியே வெச்சுட்டேன். எங்கூட்டுக்காரி வந்து "ஏனுங்க, ஆராச்சும் போயிட்டாங்களா"ன்னு கேக்கறா, அப்படி இருந்துருக்குது மூஞ்சி. ரெண்டு நாளு பொறுத்துப் பாத்தேன், ஆற மாட்டேங்குது, அதான் பேத்தியோட போன்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கங்க, திருத்தறதுல நீங்க கெட்டிக்காரங்கதான், அதப் பத்தி அப்பறம் வர்றேன்.

நான் கவுந்தப்பாடியில 1983லருந்து 2009 வரைக்கும் வாடகை நூல்நிலையம் நடத்துனவனுங்க. பத்துக்குப் பன்னெண்டு கடை, மூவாயிரத்துச் சொச்சம் புத்தகம். புதுப் புத்தகம் வந்தா மொத வேல காக்கிப் பேப்பர்ல அட்டை போட்டு முதுகுல நம்பர் எழுதறது. வாடகைப் புத்தகம் அம்பது கை மாறும், மேலட்டை ஒரு மாசந் தாங்காது. ஆகக்கூடி என் கடைக்குள்ள நின்னு பாத்தீங்கன்னா அத்தனையும் ஒரே காக்கி, போலீஸ் பரேடு மாதிரி. அட்டப்படத்தக் கண்ணுலயே பாக்காம இருவத்தாறு வருசம் சனம் படிச்சுதுங்க. அவங்க எப்படி எடுத்தாங்கன்னு உங்க கட்டுரையாளருக்குச் சொல்லுங்க. மொதல்ல பக்க ஓரத்தப் பாப்பாங்க. ஓரம் கைபட்டுக் கருத்துக் கெடந்தா நல்ல கதை, வெள்ளையா இருந்தா அலமாரியிலயே தூங்குன கதை. அப்பறம் நடுவால பிரிச்சு, பேச்சு எச்சா இருக்குதா வர்ணனை எச்சா இருக்குதான்னு ஒரு பார்வ. சில அம்மிணிக கடேசிப் பக்கத்தப் படிச்சுட்டுத்தான் எடுப்பாங்க, ஆராவது சாகற கதைன்னா அப்படியே திருப்பி வெச்சுருவாங்க. படிச்சு முடிச்சவங்க பதினேழாம் பக்கம், இருவத்தி மூணாம் பக்கம்னு அவங்கவங்க கணக்குக்குப் பென்சில்ல ஒரு புள்ளியோ சுழியோ போட்டு வெச்சுக்குவாங்க, ரெண்டாந்தடவ அதே புத்தகத்துக்கு வாடக கட்டிறக் கூடாதுன்னு. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.

எல்லாத்தையும் விட ஓடுனது எது தெரியுங்களா? வாரப் பத்திரிகைத் தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சு அடுக்கி, காலிகோத் துணி போட்டு பைண்டு பண்ணுன வால்யூமு. அதுக்கு அட்டப்படமே கெடையாதுங்க. நடுவால சோப்பு வெளம்பரம், ஜோக்கு, சிலதுல ஒரு அத்தியாயமே இருக்காது, அந்த வாரப் பத்திரிகைய எவனோ தூக்கிட்டுப் போயிருப்பான். அதுக்குப் பேரு எழுதி வெச்சுட்டு மாசக்கணக்குல காத்திருந்த டீச்சருங்க இருக்காங்க.

இன்னொண்ணு, மாசா மாசம் பாக்கெட் சைஸ்ல துப்பறியற கதைக வருமில்லீங்களா, உள்ள பூராவும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் கைரேகையும், அட்டையில மட்டும் ஒரு பொண்ணு அரகொறயா நிக்கும், கதையில அப்படி ஒரு பொண்ணே வராது. மில்லுக்குப் போற புள்ளைக பஸ்ல அதக் கையில வெச்சுக்க வெக்கப்பட்டுக்கிட்டு "அண்ணா, அட்டை போட்டது இருந்தாக் குடுங்க"ம்பாங்க. அட்டையப் பாத்து எடுக்கலீங்க, அட்டைய மறைச்சு எடுத்தாங்க. இத நான் ஏற்கெனவே ஒருக்கா உங்களுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கேன். நீங்க போட்டது மூணு வரி. அதுலயும் "புத்தகத்துக்கு அட்டை அவசியம் என்கிறார் வாசகர்"னு. நான் சொன்னது காக்கிப் பேப்பர் அட்டையுங்க. ஊர்ல நாலு பேரு "ஏண்ணா, நீங்களே அட்டை அட்டைங்கறீங்களாமா"ன்னு கேட்டாங்க. அப்பவும் பொறுத்துக்கிட்டேன்.

இப்பத்திக்கி வருவோம். ஆகஸ்ட் மாசம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குத் தவறாம போறவன் நான். ஒரு ஸ்டால்ல, பேரு வேண்டாம், ஐநூத்தி எம்பது ரூவாப் புத்தகம், மேல பிளாஸ்டிக் தாள இறுக்கி ஒட்டி வெச்சுருக்குது. பிரிச்சுப் பாக்கலாங்களான்னேன். "பிரிச்சா வாங்கிக்கணும் சார்"ங்கறான் அந்தப் பையன். ஏனுங்க, பவானி ஜமக்காளத்த மடிப்புப் பிரிச்சு, ஆளுக்கொரு முனையப் புடிச்சு வெளிச்சத்துல காட்டாம எவனாவது காசு குடுப்பானா? ஈரோட்டு மஞ்ச மார்க்கெட்டுல விரலி மஞ்சள ஒடிச்சு உள்ள நெறம் பாக்காம வெல வெப்பானா? அந்தியூரு குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில மாட்டு வாயப் பிரிச்சுப் பல்லுப் பாக்க உடலீன்னா அந்தத் தரகனத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். இத்தன பாத்து வாங்கற ஊருக்குப் புத்தகத்த மட்டும் தெறக்க உடாம கட்டிக் குடுத்துட்டு, அப்பறம் இவங்க அட்டையத்தான் பாக்கறாங்கன்னு கட்டுரை வேற. செல்போன்ல வாங்கலாம்னு பேத்தி காட்டுனா, அதுலயும் மேலட்டைதான் கட்டைவெரல் நகத்தளவு தெரியுது.

எங்கூரு சக்கரையவே எடுத்துக்கங்க. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் நாட்டுச் சக்கரை போகுதுன்னு உங்களுக்குத் தெரியாததா. வெல்லம் மஞ்சளா மினுக்கோணும்னு ஹைட்ரோஸுங்கற வெளுக்கற ரசாயனம் போடறவங்களும் இருக்கத்தான் இருக்காங்க. ஏனப்பான்னு கேட்டா "சனம் கேக்குது"ம்பாங்க. எந்தச் சனம் கரும்பு ஆலைக்கு வந்து கேட்டுச்சு? கேட்டவன் ஏவாரி. திங்கறவன் பேரு கெட்டதுதான் மிச்சம். புத்தகமும் இப்ப அப்படித்தான் ஆகிப்போச்சு, பளபளன்னு போடறவங்க அவங்க, பளபளப்புக்கு மயங்கறவங்க நாங்களாமா.

1935ல லண்டன்ல பென்குவின்ங்கற புத்தகக் கம்பெனிக்காரங்க ஆரஞ்சுப் பட்டைன்னா கதை, பச்சைன்னா துப்பறியறதுன்னு, அட்டையில கதைப்படமே இல்லாம ஆறு பென்ஸுக்குப் போட்டு லட்சக்கணக்குல வித்தாங்க. அவங்க வாங்குனா ரசனை, நாங்கன்னா சின்ன ஊரு.

அட்டையே ஆகாதுன்னு நான் சொல்ல வரலீங்க. ஓவியர் ஆதிமூலம் எழுதுன தலைப்பெழுத்து இருந்தா நானே அஞ்சு நிமிசம் நின்னு பாப்பேன். ஏமாந்தும் இருக்கேன், மறைக்க என்ன இருக்குது. தங்க எழுத்து மினுமினுன்னு இருந்துச்சு, தடவித் தடவிப் பாத்து முந்நூறு ரூவா குடுத்து வாங்கியாந்தா உள்ள எவரோ பட்டத்துக்கு எழுதுன ஆய்வேடு, பக்கத்துல பாதி அடிக்குறிப்பு. எங்கூட்டுக்காரி இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. அது என்னோட புத்தி. அதுக்குக் கவுந்தப்பாடியே பொறுப்பாகுமுங்களா? சென்னையில ஒருத்தரும் ஏமாறறதில்லீங்களா?

உங்க தீபாவளி மலரு அட்டையில நடிகை, உள்ள நகைக்கடையும் ஜவுளிக்கடையும். அத நாங்க அட்டையப் பாத்தா வாங்குனோம், பழக்கம் உடாம வாங்கறோம். உங்க விமர்சனப் பக்கத்துல அட்டப்படம் உள்ளங்கை அகலம், விமர்சனம் சுண்டுவெரல் அகலம். வெல போட்டாப் பக்கம் எத்தனன்னு இருக்காது, பக்கம் போட்டா வெல இருக்காது. நம்பி வாங்கியாந்தா வெறும் பசையில ஒட்டுன பைண்டிங், ரெண்டாந்தடவ விரிச்சா நாலு நாலு பக்கமா கையில வந்துருது. நான் நூல் போட்டுத் தைச்ச புத்தகம் இருவது வருசம் ஓடுச்சு, ஒரு தாளு கழண்டதில்ல. புகளூர்லயும் பள்ளிபாளையத்துலயும் கரும்புச் சக்கையிலருந்து காகிதம் எடுக்கறாங்க, அந்தக் கரும்ப வெச்சவனுக்குக் காகிதத்தத் தொட்டுப் பாத்து வாங்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களாட்ட இருக்குது.

நான் மன்னிப்பெல்லாம் கேக்கலீங்க, பெரிய பத்திரிகை, அது உங்களுக்கு வழக்கமும் இல்ல. விமர்சனத்துக்கு அடியில பக்கம் எத்தன, வெல எத்தன, தையலா பசையான்னு ஒரே ஒரு வரி சேத்துப் போட்டீங்கன்னாப் போதும். எடம் இல்லீன்னா அட்டப்படத்த அரை இஞ்சு கொறைங்க.

இந்தக் கடுதாசியையும் வெட்டத்தான் செய்வீங்க. வெட்டறவரு கிட்ட "அட்டை போடறது"ன்னா காக்கிப் பேப்பர் போடறதுன்னு மட்டும் சொல்லிருங்க.

இப்படிக்கு,
பழைய வாடகை நூல்நிலையக்காரன்,
கவுந்தப்பாடி
(1987லருந்து உங்க வாசகன்)