அந்தச் சுவரில் முழுப்பெயரை எழுதுங்கள்: ஒரு கவுண்டி கிரிக்கெட் கிளப் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஏப்ரலில் ஒரு கடிதம், ஜூனில் இன்னொன்று, இரண்டும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். முதலாவதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில், தமிழில் எழுதுகிறேன். ஏப்ரல் குளிரில் ஃபிளாஸ்க் டீயும் கம்பளியுமாக இங்கிலாந்தில் நம் கிரிக்கெட் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தமிழர்களும் இருக்கிறோம். சந்தா கட்டுகிறோம், பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். அவர்கள் படிக்கட்டும். கிளப்பின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்துவது என் எண்ணம் இல்லை, காரியம் நடந்தால் போதும்.

விஷயம் பெவிலியன் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவர். சீசனின் முதல் ஆட்டத்தன்று மழையால் ஆட்டம் நின்றபோது, நானும் என் மகளும் அங்கேதான் ஒதுங்கி நின்றோம். புதுப் பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. கரும்பச்சைப் பலகையில் பொன் எழுத்தில், 1900 முதல் 1914 வரை நம் கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்ட அணிக்கு, ஆடியவர்களின் பட்டியல். பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு 1907ஆம் ஆண்டின் ஒரு ஸ்கோர் கார்டு. மகளுக்குப் பதினொரு வயது. விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள். முதல் வரியில் மிஸ்டர் என்று தொடங்கி, இரண்டு இனிஷியல், அப்புறம் குடும்பப் பெயர். இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவது வரியில் வெறும் குடும்பப் பெயர், ஒரே சொல். நான்காவதும் ஒரே சொல்தான். அந்த இடத்தில் விரல் நின்றது.

"அப்பா, இவங்களுக்கு மட்டும் ஏன் இனிஷியல் இல்ல?"

இதற்கான பதில் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். படிக்கிறவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கவுண்டி அணிக்குள் இரண்டு சாதி இருந்தது. சம்பளம் வாங்காமல் ஆடிய கனவான்கள் அமெச்சூர்கள். கூலிக்கு ஆடியவர்கள் புரொஃபஷனல்கள். ஒரே அணிக்கு உடைமாற்ற இரண்டு அறை, பல மைதானங்களில் உள்ளே இறங்க இரண்டு வாசல். வெளியூர் ஆட்டம் என்றால் ரயிலில் அவர்கள் முதல் வகுப்பு, இவர்கள் மூன்றாம் வகுப்பு. அவர்களுக்கு நல்ல ஹோட்டல், இவர்களுக்கு வாடகை அறை. கேப்டன் என்றால் அமெச்சூர்தான். இருபது வருடம் பந்து போட்ட ஆள், பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று வந்த பையனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். ஸ்கோர் கார்டில் கனவானுக்கு மிஸ்டரும் இனிஷியலும் உண்டு. கூலிக்காரனுக்கு வெறும் பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதைப் பிள்ளைக்குச் சொல்லும்போது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். எங்கள் ஊரில் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன், அறுபது வயதுத் தாத்தாவைப் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடுவான். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதுதான் எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒரு பெயருக்கு முன்னால் இனிஷியல் ஏறியது. அது தாத்தாவின் பெயரின் முதல் எழுத்து. ஒரு எழுத்துக்கு என்ன மதிப்பு என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் இனிஷியல் தகப்பன் பெயர் அல்ல, அவரவருடைய சொந்தப் பெயர்தான் என்பதும் தெரியும். அப்படியானால் இது இன்னும் மோசம். தாய் வைத்துக் கூப்பிட்ட பெயரையே அல்லவா வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

உங்கள் பதிலுக்கு வருகிறேன். "அந்தக் காலத்தில் அச்சிட்டபடியே வைத்திருக்கிறோம், வரலாற்றைத் திருத்த முடியாது" என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஸ்கோர் கார்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அது ஆவணம், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பலகை 1907இல் எழுதியதா? இந்த வருடம் மார்ச் மாதம் நீங்கள் ஆள் வைத்து எழுதியது. அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவை, அப்போது இங்கிலாந்து கிரிக்கெட்டை நிர்வகித்த எம்.சி.சி. கிளப் 1962இலேயே ஒழித்துவிட்டது. 1963 சீசன் முதல் எல்லோரும் வெறும் கிரிக்கெட்டர்கள்தான். அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, புதுப் பலகையில், புதுப் பெயிண்டில், அந்தக் கோட்டை மறுபடியும் இழுத்தது யார்? அந்தக் காலத்து அச்சுக்காரர் மேல் பழியைப் போடாதீர்கள்.

வெறும் பெயராக விடப்பட்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நம் கவுண்டிக்காரர் இல்லை, மிடில்செக்ஸுக்கு ஆடியவர். ஆல்பர்ட் எட்வின் டிராட். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட் ஆடியவர். 1899 ஜூலை 31 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மான்டி நோபிள் போட்ட பந்தை பெவிலியன் கூரையைத் தாண்டி அடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அப்படி யாரும் அடித்ததில்லை.

புரொஃபஷனல்களுக்குப் பென்ஷன் கிடையாது. யார்க்‌ஷர் போன்ற ஒருசில கவுண்டிகள் குளிர்காலத்துக்கும் வாரம் இரண்டு பவுண்டு என்று ஏதோ கொடுத்தன. மற்ற பல இடங்களில் செப்டம்பரோடு கூலி நின்றுவிடும். பல வருடம் உழைத்தவருக்கு ஒரு 'பெனிஃபிட்' ஆட்டம் ஒதுக்குவார்கள். அந்த மூன்று நாள் டிக்கெட் வசூலில் ஆட்டச் செலவு போக மிச்சம் அவருக்கு. அதுதான் வீடு, அதுதான் கடை, அதுதான் முதுமைக்குச் சோறு. மழை பெய்தால் போச்சு. ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் போச்சு. 1904இல் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஹர்ஸ்ட்டுக்கு யார்க்‌ஷர் ரசிகர்கள் 3,703 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

டிராட்டின் பெனிஃபிட் 1907 மே மாதம் லார்ட்ஸில், சோமர்செட்டுக்கு எதிராக. விட்சன் (பெந்தெகொஸ்தே) விடுமுறைத் திங்களன்று தொடங்கியது. சோமர்செட் கடைசி இன்னிங்ஸில் 264 எடுக்க வேண்டும். டிராட் பந்து போட வந்தார். அடுத்தடுத்து நான்கு பந்தில் நான்கு விக்கெட். கொஞ்ச நேரம் கழித்து அதே இன்னிங்ஸில் இன்னொரு ஹாட்ரிக். 20 ரன்னுக்கு 7 விக்கெட். சோமர்செட் 97க்குச் சுருண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய வசூல் வராமல் போனது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் அந்த மனிதர். நன்றாகப் பந்து போட்டதுதான் அவர் செய்த குற்றம்.

பிறகு கொஞ்ச காலம் அம்பயராக நின்றார். உடம்பு கெட்டதும் அதையும் விட்டார். 1914 ஜூலை 30 அன்று, 41 வயதில், வாடகை அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சலவைக்குத் துணி போட்ட சீட்டின் பின்புறம் உயில் எழுதி வைத்திருந்தார். தன் துணிமணிகளும் நான்கு பவுண்டும் வீட்டுக்கார அம்மாவுக்கு. அவ்வளவுதான் சொத்து. அவரைப் புதைத்த இடத்தில் பல பத்தாண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லை. அப்புறம்தான் கல் வைத்தார்கள். அந்தக் கல்லை வைத்தவர்களிடம் யாரும் 'வரலாற்றைத் திருத்தாதே' என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

வெறும் பெயராக நின்ற இன்னும் இரண்டு பேரையும், இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால், சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் ஜார்ஜ் டென்னட், குளோஸ்டர்ஷரின் இடக்கைச் சுழல்காரர். 1907 ஜூனில் நார்தாம்ப்டன்ஷர் அணியை 12 ரன்னுக்குச் சுருட்டியபோது 9 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். வாழ்நாளில் 2,151 முதல்தர விக்கெட். ஒரு டெஸ்ட்கூட ஆடக் கூப்பிடவில்லை. கென்ட்டின் காலின் பிளைத், டெப்ட்ஃபோர்டில் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை, உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பழகியவர், வயலின் வாசிப்பவர், வலிப்பு நோயோடு ஆடியவர். அதே 1907இல், ஜூன் முதல் தேதி, நார்தாம்ப்டனில் ஒரே நாளில் 48 ரன் கொடுத்து 17 விக்கெட். பத்து வருடம் கழித்து, முதல் உலகப் போரில், 1917 நவம்பரில் பெல்ஜியத்தில், பாஷன்டேல் பக்கம், ரயில் பாதை வேலையில் இருந்தபோது குண்டுச் சிதறல் பாய்ந்து இறந்தார். கென்ட்டின் கான்டர்பரி மைதானத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று அவர் முழுப்பெயரைப் படித்திருக்கிறேன். ஆகவே, செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பக்கத்துக் கவுண்டியில் எப்போதோ செய்ததைத்தான் கேட்கிறேன். முழுப்பெயரை எழுதுங்கள்.

நம் பலகையில் வெறும் பெயராக நிற்பவர்களிலும் பிளைத் போலப் போரிலிருந்து திரும்பாதவர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நவம்பரில் அவர்களுக்காகத்தான் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். மௌனம் அனுசரிக்கத் தெரிந்த கிளப்புக்குப் பெயர் எழுதத் தெரியாதா?

கோபம் வருகிறது, மன்னியுங்கள். இந்தப் பலகை மட்டும் காரணம் இல்லை. கவுண்டி ஆட்டம் என்றாலே இப்போது யாருக்கும் வேண்டாத பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நான்கு நாள் ஆட்டங்களில் பாதி ஏப்ரல் குளிரிலும் செப்டம்பர் இருட்டிலும் போய் விழுகின்றன. பள்ளி விடுமுறையும் வெயிலும் சேர்ந்து வரும் ஆகஸ்ட் மாதத்தை நூறு பந்து ஆட்டத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் திங்கள் முதல் புதன்வரை ஓர் ஆட்டம், வியாழன் முதல் சனிவரை இன்னோர் ஆட்டம் என்று கோடை முழுக்க ஆடினார்கள். ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவனும் கடைசி இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவான். இன்று மகளை ஒரு நாலு நாள் ஆட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருக்கிறது. 'பழம்பெருமை' என்று சொல்லித்தான் எங்களிடம் சந்தாவும் நன்கொடையும் கேட்கிறீர்கள். பழம்பெருமையில் பெரும்பங்கு அந்த வெறும் பெயர்க்காரர்களுடையது. நாள் முழுக்கப் பந்து போட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆட்டம் இல்லாத காலையில் கிளப் உறுப்பினர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டவர்களும் அவர்கள்தான்.

இந்தப் பேச்சு இன்னொரு மடலுக்கு. நான் கேட்க வந்தது ஒன்றுதான், அதைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். பச்சைப் பலகையில் உள்ள எல்லோருக்கும் ஒரே முறையில் முழுப்பெயரை எழுதுங்கள். மிஸ்டர் போட்டால் எல்லோருக்கும் போடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய கார்டு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, அன்றைக்கு ஏன் இப்படி அச்சிட்டார்கள் என்று நான்கு வரி எழுதி ஒட்டுங்கள். கேட்கிற பிள்ளைக்குப் பதில் சுவரிலேயே இருக்கும்.

முழுப்பெயர்களைத் தேட ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மகளும் நானும் மூன்று சனிக்கிழமை நகர நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆண்டு மலர்களையும் மக்கள்தொகைக் கணக்கேட்டையும் புரட்டி, பலகையில் வெறும் பெயராக நிற்கும் முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேரின் முழுப்பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். அவள் கையெழுத்தில், கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. மீதி இரண்டு பேர் உங்கள் அலுவலக அலமாரியில் உள்ள பழைய கணக்குப் புத்தகங்களில் கண்டிப்பாக இருப்பார்கள், கூலிக்குக் கையெழுத்து போட்டிருப்பார்கள் அல்லவா. ஒரு பிற்பகல் அந்த அலமாரியைத் திறந்துவிட்டால் போதும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பெயிண்டர் கூலியில் என் பங்கைத் தரவும் தயார்.

செப்டம்பரில் கடைசி ஆட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறோம். வழக்கமான இடத்தில்தான், ஸ்கோர்போர்டுக்குக் கீழே மூன்றாவது வரிசையில் இருப்போம். உங்களில் ஒருவர் டீ இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதினான்கு வருடமாகச் சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்